நுண்ணுயிரிகள் உண்டது போக

மட்கு உரத்தில் அடங்கியுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி, அந்த உரம் வயலில் கொட்டப்படும் நாளில் எந்தப் பயிருக்கும் எட்டாத வடிவிலேயே இருக்கிறது. தழைச்சத்து என்று உழவர்களும் நைட்ரஜன் என்று வேதியியலாரும் குறிப்பிடும் இத்தனிமத்தை, வேர்கள் பெரும்பாலும் அம்மோனியம், நைட்ரேட் என்னும் இரண்டு சிறிய அயனிகளாக மட்டுமே, அதுவும் மண்ணின் ஈரத்தில் கரைந்திருந்தால்தான், உறிஞ்சிக்கொள்கின்றன. மட்கு உரத்திலோ அது புரதங்களாகவும், இறந்துபோன பாக்டீரியாக்களின் செல்சுவர்களாகவும், பூஞ்சைகளின் உடலைத் தாங்கும் கைட்டின் என்ற கெட்டிப் பொருளாகவும், எளிதில் சிதையாத கருமையான மட்குப் பொருளாகவும் கட்டுண்டு கிடக்கிறது. நன்கு முதிர்ந்த எருவில் அயனி வடிவில் தனித்து இருப்பது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. யூரியா மூட்டையின் மேல் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால் அந்த 46-ம் சில நாட்களிலேயே கரைந்து வினைபுரிந்துவிடும் என்று கணக்கிடலாம். எருவுக்கு ஆய்வகம் தரும் எண்ணை அப்படிப் படிக்க முடியாது. அதில் எவ்வளவு, எப்போது விடுபடும் என்பதை மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளே முடிவுசெய்கின்றன. அவை தம் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக மீந்ததே பயிருக்குக் கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வதற்குத் திருப்பூர் வட்டாரம் பொருத்தமான இடம். ஏனெனில் தழைச்சத்து மிகக் குறைந்த பஞ்சுத் தூசியும் தழைச்சத்து மிகுந்த கோழி எருவும் ஒரே மாவட்டத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில் குவிகின்றன.

விடுவிப்பு மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலில், பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தம் உடலுக்கு வெளியே நொதிகளைச் சுரந்து, அப்படியே விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய புரதங்களையும் கைட்டினையும் அமினோ அமிலம் போன்ற சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. பெரும்பாலான மண்களில் மொத்த வேகத்தையும் கட்டுப்படுத்துவது மெதுவாக நடக்கும் இந்த வெட்டும் வேலைதான். இரண்டாம் படியில், உள்ளே இழுத்துக்கொண்ட அமினோ அமிலங்களின் கரிமத்தை ஆற்றலுக்காக எரிக்கும் நுண்ணுயிரி, தனக்கு வேண்டாத தழைச்சத்தை அம்மோனியமாக வெளியே தள்ளுகிறது. இதற்கு அம்மோனியமாதல் என்று பெயர். மூன்றாம் படியில், முற்றிலும் வேறான ஒரு பாக்டீரியாக் கூட்டம் அந்த அம்மோனியத்தை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றித் தனக்கான ஆற்றலைப் பெறுகிறது. நைட்ரேட்டாதல் எனப்படும் இந்தப் படிக்கு ஆக்சிஜன் தேவை என்பதால், நீர் தேங்கிய நிலத்தில் இது நின்றுவிடும்.

இம்மூன்றாவது படி உயிரிகளின் செயலே என்று நிறுவிய சோதனை 1877-இல் பிரான்சில் நடந்தது. ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது, முதல் சில வாரங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு வெளிவந்த நீரில் அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றது. மயக்க மருந்துக்குக் கட்டுப்படுவது வெறும் வேதிவினையாக இருக்க முடியாதல்லவா? அந்த உயிரிகளைத் தனியே பிரித்து வளர்க்கும் வேலையை 1890-இல் சூரிக் நகரில் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி செய்துகாட்டினார். ஒரு வகை நைட்ரைட் வரைக்கும், மற்றொரு வகை அங்கிருந்து நைட்ரேட் வரைக்கும் கொண்டுசெல்கின்றன என்ற அவருடைய விளக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களில் நிலைத்தது. இரண்டு வேலையையும் ஒரே உயிரியாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகள் உண்டு என்பது 2015-இல்தான் வெளிவந்தது.

இரண்டாம் படியில் வரும் 'தனக்கு வேண்டாத' என்ற சொற்களில்தான் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. மண் நுண்ணுயிரிகளின் உடலில் ஏறத்தாழ எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கிறது. உண்ணும் கரிமம் முழுவதும் உடலாவதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மூச்சாகி, கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. எனவே எட்டுப் பங்கு கரிமத்தை உடலாக்கிக்கொள்ள ஒரு நுண்ணுயிரி இருபத்துநான்கு பங்கு கரிமத்தை உண்ண வேண்டும். அதனுடன் ஒரு பங்கு தழைச்சத்தும் கிடைக்க வேண்டும். உணவில் கரிம–தழைச்சத்து விகிதம் 24:1-க்குக் கீழே இருந்தால் தழைச்சத்து மீந்து மண்ணுக்கு வரும். மேலே இருந்தால் பற்றாக்குறையை ஈடுகட்ட நுண்ணுயிரிகள் மண்ணில் ஏற்கெனவே உள்ள அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும். முதலாவது கனிமமாதல், இரண்டாவது முடக்கம். முடக்கம் நிகழும் வாரங்களில் பயிர் வெளிறி மஞ்சளாகும். எருப் போட்ட பிறகும் பயிர் ஏன் மஞ்சளித்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடையாக இருந்தாலும், பழி விதையின் மேலோ தண்ணீரின் மேலோ விழுந்துவிடுவது வழக்கம்.

பருத்தி இழையில் இந்த விகிதம் எல்லை கடந்து நிற்கிறது. பஞ்சு ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ். ஒரு கிலோ பஞ்சில் 400 கிராமுக்கு மேல் கரிமம் இருக்க, தழைச்சத்து 2 கிராம் அளவிலேயே இருப்பதால், விகிதம் 200:1-ஐத் தாண்டுகிறது. மேற்சொன்ன கணக்கின்படி, அந்த ஒரு கிலோவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு ஏறத்தாழ 17 கிராம் தழைச்சத்து வேண்டும். பஞ்சு கொடுப்பதோ 2 கிராம். மீதி 15 கிராமும் மண்ணிலிருந்து கடனாக வர வேண்டும். நூறு கிலோ பஞ்சுத் தூசியை நேரடியாக வயலில் உழுதுவிட்டால், அது சிதையும் காலத்தில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான யூரியாவுக்கு நிகரான தழைச்சத்து முடங்கிப்போகக்கூடும் என்று இதைப் படிக்கலாம். பிற்பாடு அந்த நுண்ணுயிரிகளே இறந்து சிதையும்போது கடன் திரும்பி வரும் என்பது உண்மையே, ஆனால் அதற்குள் பயிரின் பருவம் முடிந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தில் 2021-இல் நடந்த ஒரு சோதனை இதே கணக்கை வேடிக்கையாகக் காட்டியது. அக்ரோஸ்கோப் என்னும் அந்நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமும் சூரிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 2,000 வெள்ளைப் பருத்தி உள்ளாடைகளை நாடெங்கும் உழவர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் கொடுத்து மண்ணில் புதைக்கச் சொல்லி, பின்னர் தோண்டி எடுத்து, எவ்வளவு துணி மறைந்தது என்பதை மண்ணின் உயிர்ப்புக்கு அளவுகோலாகக் கொண்டன. உயிர்ப்புள்ள மண்ணில் இரண்டு மாதங்களில் துணி கந்தலாகி, சில இடங்களில் இடுப்புப் பட்டையும் தையல் நூலும் மட்டுமே மிஞ்சும். இதைத் துணி மண்ணுக்கு உணவாயிற்று என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். துணியில் தழைச்சத்து மிகக் குறைவாக இருப்பதால், அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதைத் திரட்டியாக வேண்டும். துணி விரைவாக மறைகிறது என்றால், அந்த மண்ணில் கடன் கொடுக்கும் அளவுக்குத் தழைச்சத்துக் கையிருப்பு இருக்கிறது என்றும் பொருள். உலகுக்கே உள்ளாடை தைத்து அனுப்பும் திருப்பூரின் சுற்றுப்புறக் காடுகளில், வெயிலில் வெந்து கரிமம் குறைந்துபோன செம்மண்ணில், அதே சோதனை அவ்வளவு வேகமாக முடியாது என்று எதிர்பார்க்கலாம்.

மட்கச் செய்தல் என்பது, முடக்கம் என்னும் இந்தக் கட்டத்தை வயலில் அல்லாமல் குழியிலேயே முடித்துவிடும் ஏற்பாடு. குப்பைக் குழியில் கரிமம் வாயுவாகக் கழிந்துகொண்டே போக, தழைச்சத்து பெருமளவு அங்கேயே தங்குவதால், யாரும் எதையும் சேர்க்காமலே அதன் விழுக்காடு உயர்கிறது. அதற்கு ஈரம், காற்று, தொடக்கத்தில் சற்றே தழைச்சத்து ஆகிய மூன்றும் வேண்டும். நவீன வேளாண் நூல்களில் இதை முறைப்படுத்திய பெருமை 'இந்தூர் முறை'க்கு உரியது. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் இந்தூரின் தாவரத் தொழில் நிறுவனத்தில் உருவாக்கி, 1931-இல் யஷ்வந்த் வாடுடன் இணைந்து நூலாக வெளியிட்ட அந்த முறைக்குப் பின்னால் பருத்தி இருந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. அந்நிறுவனத்துக்கு நிதி அளித்தவற்றுள் ஒன்று இந்திய மையப் பருத்திக் குழு. சிதைய மறுக்கும் பருத்திமாரைப் பண்ணைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களும் மாட்டுக் குளம்புகளும் மிதித்து நொறுக்கிய பிறகே சாணத்தோடும் மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணோடும் குவிப்பது அவர்களுடைய வழி.

திருப்பூர் வட்டாரத்தில் இந்த வேலை பருத்தியைவிடத் தென்னை நார்க்கழிவில்தான் அதிகம் நடக்கிறது. உடுமலை, காங்கயம் பக்கத்துத் தோப்புகளையும் நார் ஆலைகளையும் ஒட்டி மலைபோல் குவியும் இந்தக் கழிவின் விகிதம் 112:1 அளவில் இருப்பதாகவும், சிப்பிக்காளான் வித்தும் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காகச் சேர்த்து ஈரம் காத்தால் அது 24:1 ஆகக் குறைந்து, தழைச்சத்து 0.26 விழுக்காட்டிலிருந்து 1.06 விழுக்காட்டுக்கு உயர்வதாகவும் கோயம்புத்தூரின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டியிருக்கிறது. பஞ்சுக் கணக்கின்படி பார்த்தால் 5 கிலோ யூரியா மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் நார்க்கழிவின் கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிக்னின், அதாவது மரத்தன்மை தரும் கடினப் பொருள். அதை உடைப்பதற்குக் காளான் போன்ற சில பூஞ்சைகளாலேயே முடியும், அதுவும் மெல்லத்தான். விகிதம் என்பது எடைக்கு எடை கணக்கு மட்டுமே. எந்தக் கரிமம் எத்தனை நாளில் உணவாகும் என்பதை அது சொல்வதில்லை. விகிதத்தை மட்டும் நம்பி உரப் பரிந்துரை எழுதுவோர் தடுமாறுவது இங்கேதான்.

மறுமுனையில் கோழி எரு இருக்கிறது. பல்லடம், உடுமலை வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகள் தீவனத்துக்கு வேண்டிய சோயாவைப் பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் பக்கமிருந்தும், மக்காச்சோளத்தில் ஒரு பகுதியை உள்ளூரிலிருந்தும் மறுபகுதியை வெளிமாநிலங்களிலிருந்தும் பெறுகின்றன. ஆக, தொலைதூர வயல்களின் தழைச்சத்து தீவன மூட்டைகளில் ஏறி இந்த மாவட்டத்துக்கு வந்து, எச்சமாக இங்கேயே இறங்குகிறது. உலர்ந்த கோழி எச்சத்தில் தழைச்சத்து 3 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். அதில் பாதிக்கும் மேற்பட்டது யூரிக் அமிலம். நுண்ணுயிரிகள் அதை யூரியாவாகவும் உடனே அம்மோனியாவாகவும் உடைக்கச் சில நாட்களே போதும் என்பதால், மாட்டு எரு பல பருவங்களில் விடுவிப்பதைக் கோழி எரு ஒரே பருவத்தில் விடுவிக்கிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி, பயிருக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்து காற்றில் கலப்பதன் அடையாளம். கறிக்கோழிக் கொட்டகைகளின் தரையில் தென்னை நார்க்கழிவைப் பரப்பும் வழக்கம் இவ்வட்டாரத்தில் உள்ளதால், கரிமம் மிகுந்ததும் தழைச்சத்து மிகுந்ததும் கோழிகளின் காலடியிலேயே கலந்துவிடுகின்றன. எந்த ஆய்வகமும் திட்டமிடாத நல்ல கலவை இது. விலைபோகாத பஞ்சுத் தூசிக்கும் இதே வழி பொருந்தும்: தனியே மண்ணில் இடாமல், கோழி எருவுடன் அடுக்கி, நனைத்து, புரட்டி மட்கவைத்தால், ஒன்றின் பற்றாக்குறையை மற்றொன்றின் மிகுதி தீர்க்கும், ஆவியாகிப் போகும் அம்மோனியாவையும் பஞ்சைத் தின்னும் நுண்ணுயிரிகள் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இப்பகுதி மண் இந்த இழப்பை இன்னும் கூட்டக்கூடியது. பல்லடம் சுற்றுவட்டாரத்துச் சுக்கான் கலந்த செம்மண் காரத்தன்மை உடையது. அம்மோனியமும் அம்மோனியா வாயுவும் நீரில் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருப்பவை. கார அமில நிலை 7 ஆக உள்ள நீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வாயுவாக இருக்கும், 8.2 ஆனால் 25 டிகிரி வெப்பத்திலேயே எட்டுப் பங்கு வாயுவாகிவிடும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். எருவைச் சிறு குவியல்களாக இறக்கிவிட்டு, உழவு மழைக்காக வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் மிகவும் விலையுயர்ந்த பழக்கம். ஆட்டுப் பட்டி போடும் கொங்கு வழக்கம் இந்த வகையில் நுட்பமானது: மாலையில் படல் கட்டி அடைத்த ஆடுகளின் சிறுநீர், அதாவது கழிவில் உடனடியாகப் பயன்படக்கூடிய தழைச்சத்தின் பெரும்பங்கு, வண்டியிலும் குப்பைமேட்டிலும் வீணாகாமல் நேரே மண்ணுக்குள் இறங்குகிறது, பட்டி பெயர்ந்ததும் உழுதுவிட்டால் மேற்பரப்பில் தங்கியதும் காக்கப்படும்.

எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கு வருவோர் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவர். தமிழ்நாட்டில் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், அதாவது ஏக்கருக்கு 5 டன். தொழு உரத்தில் சராசரியாக 0.5 விழுக்காடு தழைச்சத்து என்று கொண்டால் மொத்தம் 25 கிலோ; அதில் முதல் பயிருக்கு விடுபடுவது கால் பங்கு என்று தாராளமாக வைத்தாலும் ஆறு கிலோவைத் தாண்டுவது கடினம். ஒரு டன் மக்காச்சோள மணி தன்னோடு 13 முதல் 15 கிலோ வரை தழைச்சத்தைக் கொண்டுபோகிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் விளைந்தால் மணிக்கு மட்டுமே 30 கிலோவுக்கு மேல் வேண்டும். இந்த இடைவெளியைக் காட்டி எருவே பயனற்றது என்பாரும் உண்டு, எரு ஒன்றே போதும் என்பாரும் உண்டு. இரு தரப்பும் ஓராண்டுக் கணக்கையே போடுகின்றன. விடுபடாத முக்கால் பங்கில் ஒரு பகுதி இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருவதால், ஆண்டுதோறும் இட்டு வரும் நிலத்தில் பழைய எருக்களின் மிச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பருவத்தின் விடுவிப்பு முதலாண்டைவிடக் கணிசமாகக் கூடக்கூடும்.

வேகத்தை நிர்ணயிப்பவை வெப்பமும் ஈரமும். வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், ஐரோப்பிய நூல்களின் விடுவிப்பு அட்டவணைகள் கொங்கு மண்ணுக்கு அப்படியே பொருந்தா. இங்கே வெப்பத்துக்குக் குறைவில்லை, ஈரத்துக்குத்தான் குறைவு. ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவில் நிற்கும் இந்த மழைமறைவுப் பகுதியில் நுண்ணுயிரிகள் மாதக்கணக்கில் செயலற்றுக் கிடக்கின்றன. நெடுநாள் காய்ந்த மண் நனைந்ததும் திடீரென ஒரு பெருக்காகத் தழைச்சத்து விடுபடுவதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் 1958-இல் விவரித்தார். வறட்சியில் இறந்த நுண்ணுயிரிகளின் உடலும், உயிரோடிருப்பவை திடீர் நனைவில் வெளிவிடும் பொருள்களும் மற்றவற்றுக்கு உணவாவதே அதன் காரணம். முதல் மழையோடு விதைத்த சோளம் பசுமையாக எழுவதும், இரண்டு வாரம் தாமதித்து விதைத்தது அவ்வாறு எழாததும் ஓரளவு இதனால்தான். விடுபட்ட நைட்ரேட்டைப் பற்றிக்கொள்ள வேர் இல்லாவிட்டால், களிமண்ணைப் போலவே எதிர்மின்னேற்றம் கொண்ட அது மண்துகளில் ஒட்டாமல் நீரோடு கீழிறங்கிக் கிணற்றில் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதே நைட்ரேட்டுக்கு இந்தியத் தர அமைவனம் வகுத்த வரம்பு. கோழி எருவை மலிவாகக் கிடைக்கிறதென்று அளவின்றிக் கொட்டும் தோட்டங்களில் இந்த அபாயம் கற்பனையானது அன்று.

திருப்பூருக்கே உரிய மற்றொரு தடை உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் சோடியம் குளோரைடோ சோடியம் சல்ஃபேட்டோ சேர்க்கப்படுகிறது. அந்த உப்பு பல ஆண்டுகள் நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காக 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஓரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவுத் தேக்கமாக்கி, கீழ்ப்பகுதி நிலங்களிலும் கிணறுகளிலும் படிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட ஆணையிட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாத முறைக்குத் தொழில் மாறியிருந்தாலும், மண்ணுக்குள் சென்ற உப்பு அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. உவர் மண்ணில் அம்மோனியமாதலைவிட நைட்ரேட்டாதல் அதிகம் பாதிக்கப்படுகிறது. முன்னதைப் பலவகை உயிரிகள் செய்கின்றன, பின்னதைச் செய்வன ஒரு சில வகைகள் மட்டுமே. அதனால் அம்மோனியம் தேங்கி, கார மண்ணில் வாயுவாகக் கழிகிறது; கிடைக்கும் கொஞ்ச நைட்ரேட்டும் வேருக்குள் நுழையும் வழியில் குளோரைடோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. நொய்யல் கரையின் இத்தகைய நிலங்களில் எருவின் அளவைக் கூட்டுவதைவிட, நல்ல நீர் கிடைக்கும் பருவத்தில் உப்பை வடிய வைப்பதே தழைச்சத்துக்கான முதல் வேலை.

பின்னலாடை ஆலைகளின் கழிவில் எது குழிக்குப் போகலாம் என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. வெட்டுத்துணியில் பெரும்பகுதி ஏற்கெனவே விலைக்குப் போய், கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் ஆலைகளுக்கும், எந்திரம் துடைக்கும் பனியன் வேஸ்ட்டாகவும் செல்கிறது. அது மட்குவதைவிட மேலான பயன் என்பதில் ஐயமில்லை. மிஞ்சுவது நூற்பாலைகளின் பஞ்சுத் தூசி. இலைத்துணுக்கும் விதைத்தோலும் கலந்திருப்பதால் அதில் தூய பஞ்சைவிடத் தழைச்சத்துச் சற்று அதிகம். மட்கவைக்க ஏற்றது அதுவே. பாலியெஸ்டரோ ஸ்பான்டெக்ஸோ கலந்த துணியை நுண்ணுயிரிகளால் உண்ண முடியாததால், பருத்தி மறைந்த பிறகு அந்த இழைகள் வயலில் துகள்களாகத் தங்கிவிடும். சாயக் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு எஞ்சும் சேறு, பார்வைக்கு உரம்போல் தோன்றினாலும், விதிகளின்படி அபாயக் கழிவு. சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு அனுப்பப்படும் அதை எந்த விகிதத்தில் எதனோடு கலந்தாலும் பயிருக்கான எருவாகக் கொள்ள இயலாது.